வண்டிக்குள் ஏறிய தண்ணீர்

மேடவாக்கம் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி பிடிப்பை விட்டுவிட்டது. ஜீவிதா ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தாள். எஞ்சின் கத்தியதே தவிர சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. வண்டி மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியதும் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "ஓட்டத் தெரிலன்னா இன்னாத்துக்குக்கா வண்டிய எடுத்துகினு வர்ற" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனான்.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வண்டி. ஜீவிதா பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாதவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். செம்பாக்கத்தில் கிளம்பினால் ஒரு நாள் பெரும்பாக்கம், ஒரு நாள் கோவளம். வேளச்சேரி ரோட்டு நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து முட்டி விட்டுப்போய்த்தான், தானாகவே கியர் மாறும் வண்டி வேண்டும் என்று தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள். எங்கே வாங்குவது என்பதை மட்டும் அவள் கணவன் சாலமன் முடிவு செய்தான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் அவன். சர்ச் கமிட்டியில் இருந்தான். அதே சர்ச்சில் பாடகர் குழுவை நடத்திய ஜெபகுமார், பள்ளிக்கரணையில் இருந்த டீலரின் ஒர்க்‌ஷாப்புக்கு சர்வீஸ் மேனேஜர். நம்ம ஆள் இருக்கும்போது வேறு எங்கே போவது என்றான் சாலமன்.

நம்ம ஆளின் லட்சணம் சில மாதங்களிலேயே தெரிந்தது. நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், அப்புறம் எதுவுமே நடக்காததுபோல் ஓடும். முதல் தடவை கொண்டுபோய் விட்டபோது சாஃப்ட்வேர் மாற்றினார்கள். அடுத்த தடவை, எல்லாம் பார்த்தாயிற்று, பழுது எதுவும் காட்டவில்லை என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். அதற்கும் அடுத்த தடவை, அவளுக்கு ஓட்டக் கற்றுத்தரச் சொல்லி எழில் என்ற இருபது வயதுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆட்டோமேடிக் வண்டியில் பிரேக்கை இப்படி மிதிக்கக் கூடாது மேடம் என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் பிறந்த காலத்திலிருந்தே வண்டி ஓட்டுகிற ஜீவிதா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பையன் இருந்தவரை வண்டியும் பெட்டிப்பாம்பாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை "சிஸ்டர்" என்று கூப்பிடும் ஜெபகுமார் ஒர்க்‌ஷாப்பில் "மேடம்" என்று கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் சாலமனின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மேம்பாலத்தில் நின்ற பிறகு அவர்களால் மறுக்க முடியவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துப்போனார்கள். கியர்பாக்ஸை மாற்ற வேண்டும், கம்பெனி அனுமதி கொடுக்க வேண்டும், வாரண்டி இருப்பதால் செலவு இல்லை, அதுவரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார் ஜெபகுமார். மாற்று வண்டி கேட்டதற்கு அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றார். ஜீவிதா ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் தொங்கினாள். தூரத்து நோயாளிகளில் பாதிப்பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கோவளத்தில் பக்கவாதத்தில் விழுந்திருந்த ஒரு பெரியவரை மட்டும் அவள் விடவில்லை. அப்போதுதான் அவர் கை விரல்களை மடக்கத் தொடங்கியிருந்தார்.

இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. சதுப்பு நிலம் நிரம்பி, பள்ளிக்கரணையில் ரோடு எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போனது. தண்ணீர் வடிந்ததும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. அதுவும் சாலமனுக்கு. அவன் பால்கனிக்குப் போய் வெகு நேரம் பேசிவிட்டு வந்து, வாரண்டியைக் கம்பெனி நிராகரித்துவிட்டது என்றான். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறதாம். செம்பாக்கம் ஏரிப் பக்கத்து வீடு, முன்பே தண்ணீர் ஏறியிருக்கும் என்கிறார்களாம். இன்சூரன்ஸில் போட்டுவிடலாம், எல்லாவற்றையும் ஜெபகுமார் பிரதரே பார்த்துக்கொள்வார் என்றான்.

"நம்ம தெரு மேட்டுல இருக்கு. இந்த மழைக்கே வாசல்ல தண்ணி நிக்கல" என்றாள் ஜீவிதா.

சாலமன் டி.வி.யைப் போட்டான்.

இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிற அன்று தானும் வருவேன் என்று அவள் பிடிவாதமாகக் கிளம்பினாள். சாலமனும் கூட வந்தான். ஒர்க்‌ஷாப் யார்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவள் வண்டியின் கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம் அடித்தது. அழுகிய கோரையும் சேறும் கலந்த சதுப்பு நாற்றம். கால்வைக்கும் இடத்து விரிப்பைக் காலால் அழுத்தினாள். தண்ணீர் கசிந்தது.

சர்வேயர் சக்திவேல் வியர்த்துப்போய், இன்னும் பல வண்டிகளைப் பார்க்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். படமெடுத்து முடித்துவிட்டுக் கையெழுத்துக்காக அவளிடம் டேப்லெட்டை நீட்டினார்.

"தண்ணி எங்க வீட்ல வரல சார்" என்றாள் ஜீவிதா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓனர் சைடுல ஒத்துக்கிட்டாங்களே மேடம். போன மாச மழையிலயே உங்க வாசல்ல தண்ணி ஏறி வண்டிக்குள்ள வந்துடுச்சு, அதுக்கப்புறம்தான் கியர் பிரச்சனைன்னு சார் போன்ல சொன்னாரு."

"எந்த சார்?"

சக்திவேல் சாலமனைப் பார்த்தார். ஜெபகுமாரும் அவனைத்தான் பார்த்தார். சாலமன் வண்டியின் டயரைப் பார்த்தான்.

"ஜீவி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"நம்ம தெருவுல தண்ணி வந்துச்சா?"

"இன்சூரன்ஸ்ல முடிஞ்சிடும் ஜீவி. நமக்கு வண்டி வந்தா போதும். பிரதருக்கும் மேல இருந்து பிரஷரு."

"வந்துச்சா, இல்லையா?"

ஜெபகுமார் நடுவில் புகுந்தார். குரல் ஞாயிற்றுக்கிழமைக் குரலாக மாறியிருந்தது. "சிஸ்டர், குடும்ப விஷயத்த இங்க வெச்சுப் பேசணுமா? நீங்க பிரேக்க முரட்டுத்தனமா மிதிப்பீங்கன்னு சாலமன் பிரதரே எங்கிட்ட சொல்லியிருக்காரு. நாங்க அதக்கூட ரிப்போர்ட்ல போடல. உங்க நல்லதுக்குத்தான் எல்லாமே."

 பாலத்தில் பைக்கில் வந்தவன் சொன்னது அந்நியன் சொன்ன சொல், அன்றைக்கே உதறியாயிற்று. இது அப்படி உதறக்கூடியதாக இல்லை. அவள் சாலமன் பக்கம் திரும்பவில்லை. வண்டிக்குள் குனிந்து டிரைவர் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து சர்வேயரிடம் காட்டினாள். பெல்ட்டின் கீழ்ப்பாதி முழுக்கக் காய்ந்த சேறு.

"வண்டி நின்ன அன்னைக்கு வரைக்கும் இந்த பெல்ட்டத்தான் மாட்டிக்கிட்டு ஓட்டினேன். வேலைக்குப் போறப்ப வெள்ளக் கோட்டு போட்டிருப்பேன். போன மாசமே தண்ணி ஏறியிருந்தா இந்தச் சேறு என் கோட்டுல ஒட்டியிருக்காதா? எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொன்னது பொய். தண்ணி ஏறினது இந்த யார்டுல."

கணவனைப் பொய்யன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. சக்திவேல் பெல்ட்டைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வண்டியின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். அதற்கடுத்த வண்டியையும் பார்த்தார். பிறகு யார்டின் சுற்றுச்சுவருக்குப் போனார். எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் சேற்றுக்கோடு ஓடியது. திரும்பி வந்து டேப்லெட்டை மூடினார்.

"இத வெச்சு அவங்க க்ளெய்ம நான் பாஸ் பண்ண முடியாது சார். வண்டி உங்க பொறுப்புல இருக்கும்போது முழுகியிருக்கு. உங்க ஒர்க்‌ஷாப் பாலிசியில பாத்துக்கோங்க" என்று ஜெபகுமாரிடம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

ஜெபகுமார் குரலை இறக்கினார். "ஞாயித்துக்கிழமை என் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"முழிக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் ஜீவிதா.

அதோடு முடிந்துவிடவில்லை. இன்று, நாளை என்று மறுபடியும் இழுத்தார்கள். வண்டி தன் பெயரில் இருந்தும் அவர்களிடம் இருந்தது சாலமனின் போன் எண்தான் என்பதைக் கண்டுபிடித்து அதை மாற்ற வைத்தாள். பிறகு வேலை முடிந்த மாலைகளில் முன்பக்க ஷோரூமுக்குப் போய், புது வண்டி எடுக்க வருபவர்கள் காத்திருக்கும் சோபாவில் உட்காரத் தொடங்கினாள். சத்தம் போடவில்லை. நீங்க எந்த மாடல் எடுக்கிறீங்க என்று யாராவது பேச்சுக் கொடுத்தால் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வண்டிக்கு மாலை போட்டு, கேக் வெட்டக் காத்திருந்த ஒரு குடும்பம் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டது. அவளை வெளியே போகச் சொன்னார்கள். போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்களிடமும் இதையே சொல்கிறேன் என்றாள். அந்த வாரக் கடைசியில் கம்பெனி என்ஜினியர் வந்து கியர்பாக்ஸைப் பிரித்தார். உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்து கருகியிருந்தது. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை, தயாரிப்பிலேயே கோளாறு என்று ஒத்துக்கொண்டார்கள். கியர்பாக்ஸ், ஒயரிங், சீட்டுகள் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். சாவியைக் கொடுத்த பெண் அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. ஜீவிதாவும் எதிர்பார்க்கவில்லை.

ஜெபகுமாரைக் கூடுவாஞ்சேரி கிளைக்குத் தூக்கியடித்தார்கள். சர்ச்சில் அவர் மனைவி ஜீவிதாவைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு பிரதரின் பிழைப்பைக் கெடுத்தவள் என்று பேச்சு கிளம்பியது. சாலமன் கமிட்டியிலிருந்து விலகினான். விடிகாலை ஆராதனைக்குத் தன் பைக்கில் தனியாகப் போய் வந்தான். வீட்டில் சாப்பாடு, துணி, கரண்ட் பில் என்று தேவைக்கு மட்டும் பேச்சு நடந்தது. சரிசெய்து வந்த வண்டியில் அவன் ஏறவே இல்லை.

ஒரு மாலை அவள் கோவளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சாலமன் கூடத்தில் நின்றான். "நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றான்.

ஜீவிதா பையை மேஜைமேல் வைத்தாள். "தண்ணி வந்துச்சுன்னு சொன்னது கிடக்கட்டும். வண்டி வேணும்னு சொன்னீங்க, சரி. நான் முரட்டுத்தனமா மிதிப்பேன்னு எதுக்குச் சொன்னீங்க? எங்கூட உட்கார்ந்து எத்தன தடவ வந்திருக்கீங்க?"

அவன் யோசித்தான். இதற்கு அவன் யோசிக்க வேண்டியிருந்ததுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. 

"பிரதர் திரும்பத் திரும்ப அப்படித்தானேன்னு கேட்டாரு" என்றான் கடைசியில். "ஆமான்னு சொல்லிட்டா விட்டுடுவாருன்னு நெனச்சேன்."

அவள் தலையசைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. இத்தனை வருஷம் தன்னோடு குடியிருந்த ஆளை இப்போதுதான் சரியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பெரியவர் காத்திருப்பார், வர நேரமாகும், சாம்பார் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.