மஞ்சள் கோடு

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தியது ஒரு சைலன்சரால். சைலன்சர் வந்ததும் வீட்டுச் சத்தம் அடங்கிவிட்டது என்று கொழுந்தன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் முறைப்பு வந்ததால் மறு தடவை சொல்லவில்லை.

அவருக்கு மருந்துக்கடை. அவள் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி லிஃப்ட்டின் கயிற்றையும் பிரேக்கையும் பார்ப்பவள். வீட்டு ஷெட்டில் கார் கிடையாது. ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது. ஹெட்லைட், கண்ணாடி, நம்பர் பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெள்ளை ஃபைபர் மேலுடுப்பு மாட்டிய பைக். ரோட்டில் ஓட்ட முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தைத் திறந்துவிடுவார்கள். ஆசைப்பட்டவர்கள் அவரவர் வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம். போட்டி இல்லை, கோப்பை இல்லை. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், இரண்டு பேரும் ஒரே மாதிரி விழிப்பார்கள். அவர் ஓட்டுவார், அவள் வண்டியில் கை வைப்பாள். அந்தக் குடும்பம் நன்றாக ஓடியதே இந்த ஏற்பாட்டில்தான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு.

இந்தத் தடவை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கை மாற்றுவதாகப் பேச்சு. கம்பெனிக்காரர்கள் யாரோ ஒல்லியான ஆளை மனதில் வைத்து அந்த ஸ்பிரிங்கைப் போட்டிருந்தார்கள். அவர் ஒல்லி இல்லை. வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்து அமுங்குகிறது, பின்சக்கரம் எழும்பப் பார்க்கிறது. அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போன மனுஷன், பளபளவென்று ஒரு டைட்டேனியம் சைலன்சரோடு திரும்பி வந்தார்.

"எடை குறையும்ல," என்றார்.

"யாரோட எடை?" என்றாள் அவள்.

கொழுந்தன் சிரித்துத் தொலைத்தான். அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் விவகாரம் அன்றைக்கே முடிந்திருக்கும். தம்பி எதிரில் தொப்பையைப் பற்றிப் பேசிவிட்டாளே என்று அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். சொன்ன பேச்சைக் காற்றில் விட்டவருக்கு ரோஷம் வேறயா என்று அவளும் வாயைப் பூட்டிக்கொண்டாள். அதன்பிறகு உப்பு வேண்டுமென்றாலும் கொழுந்தன் வழியாகத்தான்.

இனி அந்த மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம். ஒரு போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். சரியான அளவு வந்ததும் அந்த ரெஞ்ச் டக்கென்று ஒரு சத்தம் போடும். அதைக் காதால் கேட்ட பிறகே பெயிண்ட் பேனாவைத் தொடலாம். போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு மஞ்சள் கோடு. பிறகு போல்ட் ஒரு நூலளவு திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு உள்ள போல்ட்டை அந்த வீட்டில் மறுபடி யாரும் தொடுவதில்லை. கோடு இல்லாத போல்ட்டோடு வண்டி ஸ்டாண்டை விட்டு இறங்கியதும் இல்லை.

தடத்துக்குப் போகும் நாளுக்கு முந்தின மத்தியானம், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவரே முன் பிரேக்கைக் கழற்றிப் புதுப் பேட் மாட்டிவிட்டார். நீ இல்லாமலும் எனக்கு நடக்கும் என்று காட்ட வேண்டாமா? சாயங்காலம் வந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தவள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கோடுகள். சக்கரத்தின் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பிரேக் பேட் உட்கார்ந்திருக்கும் காலிப்பரை ஃபோர்க்கோடு பிடித்து வைக்கும் நான்கு போல்ட்டிலும், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான கோடு. பரவாயில்லையே என்று அவளுக்கே தோன்றியது. வேலையிடத்தில் அடுத்தவர் பார்த்த பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் இல்லை அவள். இங்கேயும் பழக்க தோஷத்தில் கை நீண்டது. என்னைக் கேட்டா செய்தார், அவர் பாடு என்று கையை இழுத்துக்கொண்டாள். மண்டைக்கனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது.

காலையில் தடத்தின் வாசலில் வண்டிகளைப் பரிசோதிக்கும் பெரியவர் டார்ச்சோடு குனிந்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். இந்த வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"உங்க கோடு இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு விட்டுருவேம்மா," என்று அவளைப் பார்த்துச் சொன்னார்.

இது என்னுடைய கோடு இல்லை என்று சொல்வதற்கு அவளுக்கு அங்கே நேரம் இருந்தது. அவள் பக்கத்து வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

முதல் இரண்டு சுற்றுக்கு அனுபவமுள்ள ஒருவர் முன்னால் மெதுவாகப் போவார், மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடர வேண்டும். தடம் கண்ணுக்குப் பழகுவதற்காக. பிறகு முன்னால் போகிறவர் ஒதுங்கிக்கொள்வார், அவரவர் வேகம் அவரவருக்கு. வரிசை முதல் சுற்றை முடித்துக்கொண்டு எதிரில் போனது. கொழுந்தன் மடக்கு நாற்காலியில் சாய்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான்.

"அண்ணி, நேத்து அண்ணன் கோடு போட்ட அழக நீங்க பாத்திருக்கணும். நாக்கக் கடிச்சிக்கிட்டு, கைக்குழந்தைக்கு நகம் வெட்டுற மாதிரி. 'உங்க அண்ணி முதல்ல இதத்தான் பாப்பா, இதுல கோட்ட விட்டா மானம் போயிடும்'னு ஒரே பயம். ரெஞ்ச எடுக்கிறதுக்கு முன்னாடியே கோடு போட்டு முடிச்சுட்டாரு."

"முன்னாடியேவா?" கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "இறுக்காமயா போட்டாரு?"

"கையால திருகினாருல்ல. கோட்டப் போட்டுட்டு ரெஞ்ச் எங்கன்னு தேடினாரு. அதுக்குள்ள கடையிலேருந்து போன். ஏதோ மருந்து வரலயாம், அரை மணி நேரம் கத்தினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வந்து பாத்தாரு. 'கோடு இருக்கே, எல்லாம் முடிஞ்சுது போல'ன்னு துணிய எடுத்துத் துடைச்சு வெச்சுட்டாரு. ஏன் அண்ணி?"

அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. கோடு போட்ட பிறகு ரெஞ்ச் வைத்து இறுக்கியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கும், கோடு உடைந்திருக்கும். நேற்று அவள் பார்த்த நான்கும் உடையாத கோடுகள். அழகாக இருக்கிறதே என்று மெச்சினாளே, அந்த அழகுதான் ஆபத்து. முன் பிரேக் இரண்டும் விரலால் திருகிய போல்ட்டில் தொங்கிக்கொண்டு போகின்றன.  நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

தடத்தின் ஓரச் சுவரில் வாக்கிடாக்கியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கொடிகளெல்லாம் அவள் பொறுப்பு.

"நிறுத்துங்க. எல்லாரையும் நிறுத்துங்க. வெள்ளை வண்டி, முன் பிரேக் இறுக்கல."

"அங்கேருந்து யாராவது பாத்துச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டு வண்டி. எனக்குத் தெரியும்."

"ஒரு வண்டிக்காக மொத்தத்தையும் நிறுத்தணும்னா..."

"என் வீட்டுக்காரருங்க அது!"

கொடிக்காரி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாக்கிடாக்கியில் பேசினாள். அதற்குள் வரிசை இரண்டாவது சுற்றை முடித்துவிட்டது. முன்னால் போனவர் கையைக் காட்டிவிட்டு ஒதுங்கினார். அடைத்து வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. அதில் புது சைலன்சரின் சத்தம் தனியாகத் தெரிந்தது. நேர்ப்பாதையில் அவர் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிவிட்டார். சிவப்புக் கொடி ஏறியது. கொடியைப் பார்த்ததும் மனுஷன் பிடிப்பது பிரேக்கைத்தானே என்பது அதன்பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நல்லது செய்ய ஓடிவந்து, நானே பிடிக்கச் சொல்லிவிட்டேனே என்று நினைத்தாள்.  கண்ணை மூடிக்கொண்டாள். ஏதாவது ஒரு சத்தம் வரும் என்று காதை மட்டும் திறந்து வைத்திருந்தாள்.

எதுவும் வரவில்லை. அவர் சட்டதிட்டம் பார்க்கிற ஆள், சிவப்புக் கொடிக்குச் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது என்பது தடத்தின் சட்டம். கொடியைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி, ஆக்ஸிலேட்டரை விட்டு, நேர்ப்பாதையின் மிச்சத்தில் வண்டியைத் தானாகத் தேயவிட்டு, வெளி ஓரமாகவே வளைந்து வந்து சேர்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஹெல்மெட்டுக்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தார்கள். எந்த மகராசன் வண்டியால் நின்றது என்று விசாரித்துக்கொண்டு எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"இப்ப உனக்குத் திருப்திதானே? ஊரே பாக்குது." இத்தனை நாள் கழித்து அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அவள் முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். இடதுபக்கக் காலிப்பரின் மேல் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். தண்ணீர் பாட்டில் மூடி மாதிரி திரும்பியது. கீழ் போல்ட்டைத் தொடவே தேவையில்லை. அது பாதி வெளியே வந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிவப்பு இறங்கிப்போனது. பக்கத்தில் கூடி நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், அவரவர் வண்டியைப் போய்த் தடவிப் பார்க்க. கொழுந்தன் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தண்ணி வாங்கி வா என்று அவர் அவனை அனுப்பினார்.

அவள் ரெஞ்ச்சை எடுத்து நான்கு போல்ட்டையும் இறுக்கினாள். நான்கு தடவை டக்கென்றது.  அவர் தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நேத்து நீ பாத்தியா இத?"

"பாத்தேன்."

"தொட்டுப் பாத்தியா?"

"இல்ல."

அவர் தன் கையுறைகளைக் கழற்றினார். பிறகு, மருந்துக்கடையில் சந்தேகமான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"தெரியாமத்தானே விட்ட?"

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆமாம் என்று ஒரே வார்த்தையில் அடித்துச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். பொய்யும் ஆகாது.

"தெரியாதுங்க. ஆனா தெரிஞ்சுக்கவும் வேணாம்னு இருந்தேன்."

தடத்தில் மறுபடி சைரன் ஊதியது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வாசலில் வரிசை கட்டின. யாரோ அவரைப் பார்த்து, வர்றீங்களா என்று கையால் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டி வரவில்லை என்றார்.

"விடு," என்றார் அவளிடம். "உன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அது உண்மை என்பதும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"அதாங்க எனக்கு பயமா இருக்கு," என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிகள் தடத்துக்குள் போய்ச் சத்தம் தேய்ந்த பிறகும், அவருடைய கையைப் பிடித்திருந்த பிடியை அவள் விடவில்லை.