ஒன்பது சென்டிமீட்டர் பள்ளம்

1

நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இரண்டு வரிக் கடிதம் ஒன்று எழுதியாக வேண்டும். அதற்காக உட்கார்ந்து, இந்தக் கதையைத் தொடங்கித் தொலைத்தேன். கதை பிறந்த விதம் இவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: நூற்றிருபது ஆண்டுகளாகக் கடலையே பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கட்டிடம்

வேண்டாம். கட்டிடம் எதையும் பார்ப்பதில்லை.

இரண்டாவது: பழைய கப்பல் கட்டும் கம்பெனியின் கடலோர அலுவலகத்தை இடிப்பதா, பாரம்பரியக் கட்டிடமாகக் காப்பதா என்று நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு குழு முடிவு செய்யும்.

இது இருக்கட்டும்.

2

அவள் என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். இயற்பியல் படித்தவள். அளவைப் பிரிவில் (புதியவள். அடித்துவிட்டேன், சாக்குப் போல இருக்கிறது) வேலை. கூட்டங்களில் வாயைத் திறக்கமாட்டாள். மேல்மாடி வரைவுக்கூடத்தின் மரத்தரையை அளக்க அவளைத்தான் அனுப்பினார்கள். மட்டக்கருவியை ஒரு மூலையில் நிறுத்தி, அளவுக்கம்பை இடம் மாற்றி மாற்றி ஊன்றிப் படித்தாள்.* சுவரோரம் 152. கூடத்தின் நடுவில் 143.

அறிக்கை இப்படிப் போனது: தரை நடுவில் ஒன்பது சென்டிமீட்டர் இறங்கியுள்ளது, தாங்கும் உத்திரங்கள் நம்பத்தக்கவை அல்ல. சுவரோரத்தில் வரிசையாக இருந்த துளைகள் "எலித் தொல்லை" என்ற தலைப்பில் சேர்ந்தன. மேசைகளின் கால்கள் ஒரு பக்கம் ஒரு விரல் குட்டையாக இருந்ததற்கு "சேதம்" என்று பெயர்.

குழுவின் பட்டியலில் முகப்பு வளைவுகளுக்கு நல்ல மதிப்பெண், கடிகாரத்துக்குச் சுமார், தரைக்குப் பூஜ்யம். காப்பாற்றலாமே என்று யாரோ இழுத்தபோது தலைமைப் பொறியாளர் சொன்னார்:

"பள்ளத்துக்கெல்லாம் பாரம்பரிய மதிப்பு கொடுத்தா, முதல்ல நம்ம ரோட்டைத்தாங்க காப்பாத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்துவிட்டேன்.

* கருவி அசையாது. கம்புதான் இடம் மாறும். தரை எவ்வளவு தாழ்வோ, கம்பில் அவ்வளவு பெரிய எண் தெரியும். முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்.

3

இன்று மதியம் கடைசிப் படங்கள் எடுக்க அவள் அங்கே போனாள். துப்புரவு செய்யும் அக்கா கூடத்தின் நடுவில் நின்று ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, இரண்டு சுவர்களுக்கும் ஓடி, "எலித் தொல்லை" வழியாக வெளியே போனது. நடுவில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

"இருபது வருஷமா இப்படித்தாம்மா. ஊத்திவிட்டா போதும், அதுவே போயிடும். எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அப்புறம் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"நடுவுல பள்ளம்னு எழுதிட்டாங்களாமே. எந்தப் புண்ணியவான்மா அது? கண்ணை வீட்ல வச்சுட்டு வந்தானா?"

அவள் கேமராவைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

(கட்டுரைத்தனமாக ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் மேல்தளம் நடுவில் லேசாக உயர்ந்திருக்கும். ஏறுகிற நீர் இருபுறமும் வழிய வேண்டும். வாழ்நாளெல்லாம் கப்பல் வரைந்தவர்கள், தங்கள் அலுவலகத்தையும் அப்படியே வரைந்துவிட்டார்கள். கூரைக்குக் கீழே இருக்கும் தரைக்கு எதற்கு அந்த ஏற்றம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டி முடித்த பிறகு மேசைகள் சாய்ந்தன. நடுப்பக்கக் கால்களை அறுத்துச் சமாளித்தார்கள். முகப்பு வளைவுகள் ஊருக்கு நாலு இடத்தில் இருக்கின்றன. இந்த மாதிரித் தரை வேறெங்கே இருக்கிறது? பூஜ்யம் போட்டார்களே!)

4

தவறு யாருடையது? கதைக்கு ஓர் ஆள் வேண்டும்.

முதல் வரைவில் தலைமைப் பொறியாளர் வேண்டுமென்றே எண்களை மாற்றினார். எழுத நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் வந்த வரைபடத்தை நம்பினார், அவ்வளவுதான். இரண்டாவது வரைவில் கருவி பழுது. நேற்றுத்தான் சரிபார்த்தார்கள், துல்லியமாக இருக்கிறது, சனியன். மூன்றாவதில், அவள் அளந்த பிறகு தரையே

மரம் ஒரு மாதத்தில் மேலே எழும்பாது.

5

முடிவுகள். (அ) அவள் வாயைத் திறக்கவில்லை, இடித்தார்கள். (ஆ) துப்புரவு அக்கா குழுவின் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் அவரை உள்ளே விடமாட்டார்கள். (இ) கடிதம்.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் "தவறு நேர்ந்துள்ளது" என்றுதான் வருகிறது, தவறு தானே பஸ் பிடித்து வந்ததுபோல. எரிச்சலாக இருக்கிறது. கட்டிடம் நிற்குமா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அது என் கையில் இல்லை. என் கையில் இருப்பது ஃபோன். எனக்குப் பார்க்காமல் பேச வராது, எழுதி வைத்துப் படித்தால் வரும். அதனால் கடைசிப் பத்தியை எழுதி எதிரே வைத்திருக்கிறேன்.

மணி அடிக்கிறது. தலைமைப் பொறியாளர் எடுத்துவிட்டார். லீவா என்று கேட்கிறார்.

"இல்ல சார். அந்த வரைவுக்கூடம். நடுவுல பள்ளம் இல்ல சார், மேடு. பெரிய எண்ணை உயரம்னு எடுத்துக்கிட்டுப் படத்தைத் தலைகீழா வரைஞ்சிருக்கு... இல்ல சார், வரைஞ்சிருக்கு இல்ல. நான் வரைஞ்சேன்."