தரையில் ஊற்றிய தேநீர்

ஏலக் கூடத்தின் மூன்றாவது வரிசையில் பிக்-வான் உட்கார்ந்திருந்தாள். பின்னந்தலையைப் பார்த்தே அடையாளம் கண்டுவிட்டேன். அந்த வயதில் ஒரு முடிகூட நரைக்காமல் இருக்குமா, அத்தனையும் சாயம். வயது எழுபத்து நாலு. யாராவது கேட்டால் எழுபத்து மூன்று முடிந்து நேராக எழுபத்தைந்து நடக்கிறது என்பாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் நாலாவது மாடியே கிடையாது. ஹாங்காங்கில் பாதிப் பேர் அப்படித்தான், எங்கள் பேச்சில் நாலும் சாவும் ஒரே ஓசை. ஆனால் பிக்-வான் பெரிய பயந்தாங்கொள்ளி. நாலு பேர் உட்கார்ந்த மேஜையில் ஐந்தாவது நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாளாம். ஷாம் ஷூய் போவில் முப்பது வருஷம் திரைச்சீலைக் கடை வைத்திருந்தவள் நான். பணக்கார வீட்டு ஜன்னலை அளக்கப் போனால் அந்த வீட்டு வண்டவாளமும் காதில் விழும்.

அவள் எனக்கு அக்கா முறை. சீத்தோ குடும்பத்து மூத்தாள் மகள் அவள், இளையாள் மகள் நான். அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஏல எண் அட்டை, கைப்பையில் கடையை விற்ற காசோலை.

மேடைத் திரையில் அந்த பிரேஸ்லெட் பெரிதாகத் தெரிந்தது. "நூறு வருடப் பழமை, பழைய வெட்டு வைரங்கள், ஒரு குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து" என்று எழுதியிருந்தார்கள். குடும்பமாம். எங்கள் அப்பா ஷாங்காயில் ஒரு ரஷ்யச் சீமாட்டியிடம் வாங்கி என் அம்மாவுக்குக் கொடுத்தது. அப்போதெல்லாம் இரண்டாவது மனைவி வைத்துக்கொள்வதைச் சட்டமே தடுக்கவில்லை. மூத்தாள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தேநீர் கொடுக்க வேண்டும். அவள் குடித்தால் இளையாளும் வீட்டில் ஒருத்தி. குடிக்காவிட்டால் வெறும் சின்ன வீடு.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மலைமேல் இருந்த மூத்தாள் வீட்டுக்குப் போனாள். மூத்தாள் கோப்பையைப் பார்க்கவேயில்லை, அம்மாவின் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். "அதக் கழட்டிக் குடு. குடிக்கிறேன்" என்றாள். அம்மா கழற்றிக் கொடுத்தாள். அதை வாங்கிப் பதினாலு வயது பிக்-வானின் கையில் மாட்டிவிட்டு, கோப்பையைச் சாய்த்துத் தரையில் மூன்று கோடாக ஊற்றினாள். செத்தவர்களுக்குத்தான் நாங்கள் அப்படி ஊற்றுவோம். பிக்-வான் கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அம்மா தன் சட்டைக் கையால் அந்த ஈரத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் இருந்தாள், ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. வெந்நீர்தான்.

பிரேஸ்லெட்டைப் பிக்-வானின் தம்பி சூதாட்டக் கடனுக்கு விற்றுத் தொலைத்தான் என்று கேள்விப்பட்டேன். அது கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. அவள் வருவாள் என்று தெரிந்துதான் நானும் வந்தேன்.

எங்கள் ஊரில் பெரிய தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் எண்ணுவோம். "பதினாறு" என்று ஏலக்காரர் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் இரண்டு கூடும். பதினெட்டைத் தொலைபேசியில் யாரோ கேட்டார்கள். இருபது என்று பிக்-வான் அட்டையைத் தூக்கினாள். தொலைபேசிக்காரர் விலகிக்கொண்டார். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். இருபத்திரண்டுக்கு என் அட்டையைத் தூக்கினேன்.

"இருபத்து நாலு, மேடம்?" என்று ஏலக்காரர் அவளைப் பார்த்தார். எங்கள் மொழியில் வேகமாகச் சொன்னால் அது 'சுலபமாகச் சாவு' என்று கேட்கும்.

அட்டை பாதி வரை எழும்பி நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் பக்கம் திரும்பினாள். "இருபத்தெட்டுன்னு சொல்லிடுங்க அத்த, ஒண்ணுமில்ல" என்று அந்தப் பெண் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. எட்டு எங்களுக்கு ராசியான எண். பிக்-வான் வாயைத் திறப்பதற்குள் ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது. அறுபது வருஷத்தில் நான் கேட்ட சத்தங்களிலேயே நல்ல சத்தம் அதுதான்.

பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, பிரேஸ்லெட்டை அங்கேயே மாட்டிக்கொண்டு விருந்தினர் அறைக்கு வந்தேன். பின்னாலேயே வந்தாள். கைத்தடி, மருமகள்.

"நீ அந்தச் சின்ன வீட்டுப் பொண்ணுதானே? திரைச்சீல தைக்கிறவ."

"தைச்சவ. கடைய வித்துட்டேன். அதான் இப்ப கையில மினுங்குது."

அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள். "வியாழக்கிழம எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். இது வீட்ட விட்டுப் போனதுலேருந்துதான் எல்லாக் கேடும்னு ஜோசியர் சொல்றார். அதுக்குள்ள என் கைக்கு வந்துடணும். அந்தாளு அந்த நம்பரச் சொன்னதும் எனக்கு அவரு மொகம்தான் தெரிஞ்சது. எவ்வளவு வேணும், சொல்லு."

இது எனக்குத் தெரியாது. பாவம் என்று தோன்றியது. ஒரு கணம்தான். உடனே அம்மாவின் ஈரச் சட்டைக் கை ஞாபகம் வந்தது.

"காசு வேணாம். டீ குடு" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மருமகளுக்குப் புரியவில்லை, மூலையிலிருந்த கெண்டியிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள்.

"நீ இல்லம்மா. உங்க அத்த. மண்டி போட்டு."

"ஆன்ட்டி, அவங்களுக்கு முட்டி மாத்தி வெச்சிருக்கு. வயசானவங்க."

"எங்கம்மாவுக்கும் முட்டி இருந்துச்சு."

பிக்-வான் கைத்தடியை நாற்காலியில் சாய்த்தாள். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மடக்கினாள், பல்லைக் கடித்தபடி மற்றதையும் மடக்கினாள். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"யாரு பேரச் சொல்லணும்?"

"எங்கம்மாவ. உனக்கு என்ன முறையோ அதச் சொல்லு."

கோப்பையைச் சற்று உயர்த்தினாள். பிறகு, "சின்னம்மா, டீ குடிங்க" என்றாள்.

அந்தச் சொல்லை யார் வாயிலிருந்தும் நான் கேட்டதேயில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. பிரேஸ்லெட் சரிந்து கோப்பையின் விளிம்பில் மெல்லத் தட்டியது. பிக்-வான் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிரேஸ்லெட்டையும் பார்க்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்த தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.