நூற்றிரண்டு சீட்டுகள்

சனிக்கிழமை காலை கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறியபோது, எதற்காகப் போகிறோம் என்று ஜெனிபர் தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு வரிதான் பாக்கி. அந்த வரியையும் முதலாளி சாம் வாயாலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்: ‘இந்தக் குறையை இதற்கு முன் யாரும் தெரிவிக்கவில்லை.’

சாம் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனம், ஒரு தனியார் பால் கம்பெனிக்குச் செயலி செய்து கொடுத்திருந்தது. மாட்டுக்கு உடம்பு முடியவில்லையென்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பச்சை டிக் விழும், கம்பெனியின் டாக்டர் ஜீப்பில் வருவார். செயலியில் அடுத்து எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்வது இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து ஜெனிபரின் வேலை. அந்தப் பட்டியலை அலுவலகத்தில் பேக்லாக் என்பார்கள். தண்ணீர் கேனுக்குப் பின்னால் இருந்த சுவரில், ஒரு வேலைக்கு ஒரு மஞ்சள் சீட்டு. நூற்று நாற்பது சீட்டுகள் வரை சேர்ந்துவிட்டன. ஃபேன் போட்டால் சுவரே படபடக்கும்.

அதை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இணையத்தில் மூன்று நாள் வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். பட்டியலைக் குடோனாக்காதீர்கள், மூன்று மாதமாக யாரும் கேட்காததைத் தூக்கிப் போடுங்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர். அவள் எண்ணினாள். செயலிக்குள்ளேயே புகார் எழுத ஒரு பக்கம் உண்டு. மலைக்குக் கீழே உள்ள ஊர்களிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் புகார்கள் வந்திருந்தன. வெள்ளிமலைப் பக்கத்து மலை ஊர்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. செப்டம்பரில் ஒரு மத்தியானம், நூற்றிரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

“இப்பதான் ஜெனி, செவுத்துக்கு இன்னா கலர் அடிச்சோம்னே தெரியுது” என்று சாம் சிரித்தார். அவளுக்கு அன்று பெருமையாக இருந்தது.

கிழித்தவற்றில் ஒன்று, மலையில் பால் எடுக்கும் ஏஜென்ட் பிச்சைமுத்து சொல்லி அவள் எழுதியது. ஜூன் மாதம், பால் இறக்கக் கீழே வந்தபோது அவர் போன் செய்திருந்தார். “சிக்னல் இல்லாத எடத்துல அமுத்துனாலும் பச்ச டிக்கு வுழுதுங்க மேடம். டிக்கு வருது, டாக்டர் வரல. ஜனங்க காத்துக்கினு கெடக்குது.” பேச்சு மாறாமல் அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிய கையே கிழித்தது.

பதினெட்டு நாளுக்கு முன், மலையில் பிச்சைமுத்துவுக்குப் பால் ஊற்றும் ராணியம்மாள் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் விழுந்தது. மருமகள் பொத்தானை அழுத்தினாள். டிக் விழுந்தது. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று மத்தியானம் வரை காத்திருந்தார்கள். மாடும் போயிற்று, உள்ளே இருந்த கன்றும் போயிற்று. என்ன நடந்தது என்று பால் கம்பெனி இப்போது எழுத்தில் கேட்கிறது. பிச்சைமுத்து சொன்னது ஜெனிபருக்கு மட்டும்தான் தெரியும். சீட்டும் இல்லை.

பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சில வளைவுகளுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. செயலியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மலையிலிருந்து ஏன் ஒரு புகாரும் வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புகார் எழுதவும் சிக்னல் வேண்டும்.

முந்தின நாள் அவர் கீழே வந்திருந்தபோதே போனில் சொல்லியிருந்ததால், பிச்சைமுத்து நிறுத்தத்தில் காலி பால் கேன்கள் கட்டிய பைக்கோடு நின்றார்.

“நீங்க எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்? தப்பு என்னுதுங்க. ஒருக்கா சொல்லிட்டு சும்மா இருந்துட்டேன். இன்னொருக்கா போன் போட்டிருக்கணும்.”

கேன்களைப் பின்னுக்குத் தள்ளி அவள் உட்கார இடம் செய்தார்.

“டிக்கு வுழுந்தா போதும்னு வூடு வூடா சொன்னவன் நான்தான. பத்து வூட்டுக்காரங்க எனக்குப் பால் ஊத்தறத நிறுத்திட்டாங்க. அவங்க மேல இன்னா தப்பு?”

“நீங்க சொன்னத நான் எழுதி வெச்சேன், அண்ணா” என்றாள். வண்டியில் ஏறிக்கொண்டாள். மீதியை ஊர் வரும்வரை விழுங்கிக்கொண்டே போனாள்.

ராணியம்மாள் வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்துவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் கொட்டகையில் முளைக்குச்சியும் கயிறும் அப்படியே கிடந்தன.

“இவர் மேல தப்பு இல்லம்மா” என்றாள் ஜெனிபர். “இவர் ஜூன் மாசமே சொன்னாரு. ஒரு சீட்டுல எழுதி செவுத்துல ஒட்டுனேன். அப்புறம் யாரும் கேக்கலன்னு நான்தான் கிழிச்சுப் போட்டேன்.”

பிச்சைமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். வண்டியின் பிடியை விடாமல் பிடித்திருந்தார்.

“எதுக்குக் கிழிச்ச?” ராணியம்மாள் கத்தியை நிறுத்தவில்லை.

“சீட்டு ஜாஸ்தியாயிடுச்சு. கம்மி பண்ணணும்னு.”

“எத்தினி கிழிச்ச?”

“நூத்தி ரெண்டு.”

கத்தி நின்றது. “அதுல ஒண்ணு என் மாடு. மீதி நூத்தி ஒண்ணு யாருது?”

ஜெனிபருக்குத் தெரியவில்லை. கிழிக்கும் முன் சீட்டுகளைப் படம்கூட எடுத்து வைக்கவில்லை. ராணியம்மாள் கிழங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, பிச்சைமுத்துவிடம், “வெயில்ல நிக்காத, உள்ள வந்து தண்ணி குடி” என்றார். ஜெனிபரை அழைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சாமுக்கு எழுதினாள்: ‘முன்னாடியே சொன்னாங்க சார். பிச்சைமுத்து ஜூன்ல சொன்னாரு. சீட்டைக் கிழிச்சது நான். அறிக்கையில அப்படித்தான் எழுதப்போறேன்.’ செய்தி போகவில்லை; பக்கத்தில் சின்னக் கடிகாரக் குறி நின்றது. போனை மூடி வைக்காமல் மடியில் திறந்தே வைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, கிழித்த சீட்டுகளில் நினைவுக்கு வந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். மலை இறங்கி கச்சிராயபாளையத்தில் செய்தி போய்ச் சேர்ந்தபோது பத்தொன்பது எழுதியிருந்தாள். உடனே போன் அடித்தது. சாம்.

இருபதாவது என்ன என்று யோசித்துக்கொண்டே எடுத்தாள்.