படி ஏறிய ஜோடி வால்வுகள்

இசைத்தட்டு பாதிகூட ஓடவில்லை. அக்கா எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டாள்.

“அச்சுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்டா. மேல் சுரமெல்லாம் தகரத்துல ஆணி இழுக்கற மாதிரி இருக்கு. என் வில் கை போயிடுச்சு.”

அவள் வயலின் வாசித்த முதல் தட்டு அது. மாதிரிக்கென்று ஒன்றுதான் வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அவள் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சரியென்றால் அச்சேறும். இல்லையென்றால் அத்தோடு போச்சு.

தம்பி அதை நம்பவில்லை. ஒலிப்பதிவின்போது கூடவே இருந்தவன் அவன். அன்று அவள் கை வெண்ணெயாக ஓடியது. அப்படியானால் கோளாறு அவன் கட்டிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியில்தான்.

“கொஞ்சம் பொறுக்கா. பெட்டிலதான் ஏதோ இருக்கு.”

அத்தான் சோபாவில் சாய்ந்தபடி சிரித்தார். “வாசிச்சவ கை போச்சுங்கறா, கட்டினவன் பெட்டி போச்சுங்கறான். கூடம் கோணல்னு சொல்ல இந்த வீட்ல ஆளே இல்லையே!”

ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளில் முன்வரிசைச் சின்னவற்றைத் தம்பி மாற்றிப் பார்த்தான். நாதத்தின் நிறம் சற்று மாறியது. கீறல் அப்படியே இருந்தது. அப்போதுதான் ரெக்டிஃபையர் சாக்கெட் கண்ணில் பட்டது.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் முன்னும் பின்னும் அலையும். அதை ஒரே திசையில் ஓடவைப்பது ரெக்டிஃபையர். கண்ணாடி ரெக்டிஃபையர் அந்த வேலைக்குக் கூலியாகக் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும். அதே வேலையைச் செய்யும் குட்டி டயோடு அநேகமாக எதையும் தின்னாது. அடிநாதம் அதிரட்டும் என்று போன வாரம் இவன்தான் கண்ணாடியைப் பிடுங்கி டயோடைச் செருகியிருந்தான். வோல்டேஜ் ஏறிவிட்டது.

ஏறினால் என்ன? ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு பெரிய வால்வுகள். ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்க, இரண்டுமாக ஒலியைச் சுமக்கின்றன, கட்டிலை இருவர் தூக்குவதுபோல. இருவரும் ஒரே உயரமாக இருந்தால்தான் கட்டில் சாயாது. அவன் அளந்து அளந்து ஜோடி சேர்த்தது உண்மைதான். ஆனால் பழைய வோல்டேஜில்! சமதளத்தில் ஒன்றாக நடப்பவர்களில் யாருக்கு மூச்சு வாங்கும் என்பது படியேறும்போதுதானே தெரியும்?

இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒவ்வொரு பெரிய வால்விலும் மீட்டர் முனையை வைத்தான்.

“வேலை செய்யும்போது பாக்கெட்ல கை விடற ஒரே ஆளு நீதான் மச்சான்.”

“ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும் அத்தான். அப்புறம் கேலி பண்ண உங்களுக்கு ஆள் இருக்காது.” மீட்டரைப் பார்த்தவன் துள்ளினான். “மாட்டிக்கிச்சு! ஒண்ணு எங்கயோ ஏறி நிக்குது, இன்னொண்ணு பாதி வழியிலயே உக்காந்துடுச்சு!”

பெட்டியை நிறுத்தினான். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கண்ணாடி ரெக்டிஃபையரைச் செருகிச் சூடேறவிட்டு மறுபடி அளந்தான். இரண்டும் சமம்.

ஊசியை வைத்தான். வயலின் எழுந்தது. மேல் சுரம் ஏறியது, இன்னும் ஏறியது, எங்கும் காதைக் குத்தவில்லை. அத்தான் சாய்வதை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடுவே ஓரிடத்தில் சின்னதாக ஒரு கீறல். தம்பி பதறி எழுந்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“உக்காருடா. அது பெட்டி இல்ல, நான்தான். வில்லை அவசரமாத் திருப்பிட்டேன்.”

“அப்போ மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாமும் நான்தான்டா!”

தட்டு முடியக்கூடக் காத்திராமல் போனை எடுத்தாள். “அச்சுக்கு அனுப்பிடுங்க,” என்றாள். “ஆமா, அந்தக் கீறலோடயே.”