கடலுக்கு முதுகு காட்டி

குடம் விழுந்த செய்தி, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. கருவடிக்குப்பம் சுடுகாட்டிலிருந்து யாரோ போனில் சொல்ல, அது வைத்திக்குப்பத்துச் சந்து முழுக்கப் பரவி, புகுந்த வீட்டுக் கூடத்து மூலையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த சங்கவியின் காதுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது.

"சுத்தறதுக்கு முன்னாடியே போட்டு உடைச்சிட்டானாம் பையன்," என்றாள் அஞ்சலாட்சி. இறந்துபோன அய்யப்பனின் அக்கா அவள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. இருந்தும் அந்த வார்த்தைகள் மட்டும் தெளிவாக வந்தன. "ஒரு குடம் தண்ணி. அத தோள்ல நிறுத்த முடியலயாம். பத்து வயசுப் புள்ளைக்கு."

பிறகு கொட்டகையிலிருந்து வேறொரு குடம் எடுத்து வந்தார்களாம். அய்யப்பனின் தம்பி விமல்ராஜ்தான் அதைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தானாம். அய்யப்பன் மகன் யுகேஷ் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தானாம். புருஷன் போய் ஒரு நாள் முடியவில்லை. அதற்குள் வெட்கப்படவும் வேண்டியிருக்கிறதே என்று சங்கவி நினைத்தாள்.

அய்யப்பன் விசைப்படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், கரை வருவதற்குள் போய்விட்டான். நல்ல திடகாத்திரமான ஆள். ஐஸ் பெட்டியைத் தனியாகவே தூக்கி இறக்குவான். பையன் பிறந்ததும், "இவன் காலு கடல்ல படக் கூடாது, சொல்லிட்டேன்," என்று வைத்திக்குப்பத்தை விட்டுக் கிளம்பி, கருவடிக்குப்பத்தில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். கடலில் கால் படக் கூடாது என்றுதான் ஆரம்பித்தது. போகப் போக எதிலுமே படவில்லை. தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று தெருவில் விடவில்லை. மாடிப்படியில் கைப்பிடி இல்லை என்று படியில் விடவில்லை. பிறகு கொரோனா வந்தது, கதவே திறக்கவில்லை. அந்த நாட்களில் கையில் கொடுத்த செல்போனைத் திரும்ப வாங்கவே முடியவில்லை.

சங்கவிக்கு ஊருக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் கம்பெனி வண்டியும் வந்துவிடும், பள்ளிக்கூட வேனும் வந்துவிடும். பையன் தானாகச் சாப்பிட்டால் தட்டில் பாதி, தரையில் பாதி, நேரம் போய்விடும். அவளே பிசைந்து ஊட்டினால் ஒரு வீடியோ முடிவதற்குள் தட்டு காலி. சட்டைப் பொத்தானை அவன் போட்டால் மேலும் கீழுமாக ஏறும். அவள் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஷூ லேசும் அப்படித்தான், ஆரஞ்சுப் பழமும் அப்படித்தான். அவளுடைய கை வேகமான கை. கம்பெனியில் சூப்பர்வைசரே சொல்லுவார். அந்த வேகத்தால் தன் பையனுக்கு ஏதாவது கெட்டுப்போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்று சொல்லவும் முடியாது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ராஜாங்கம் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒத்தக் கால்ல நில்லுன்னா சாயறான்மா. பந்தப் போட்டா கண்ண மூடிக்கிறான். கொஞ்ச நேரம் எழுதினா வெரல் வலிக்குதுன்றான். நோய் எல்லாம் இல்ல. உடம்ப உபயோகிக்கல, அவ்ளோதான்."

"என் புள்ள நல்லாப் படிக்குது சார். பந்து புடிச்சி இன்னா ஆவப் போவுது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வந்தாள் சங்கவி. அய்யப்பனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "வுடு. அவனுக்கும் சேத்து நான் தூக்கறேன்," என்றான்.

இப்போது தூக்குவதற்கு அவன் இல்லை.

கருமாதி பற்றிப் பேசப் பெரியவர்கள் கூடியபோது, "குடம் தூக்குனவனே பிண்டமும் வைக்கட்டும். விமலு உக்காரட்டும்," என்றார்கள். கருமாதி கடற்கரையில் நடக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றையும் எள்ளையும் வாழைப்பழத்தையும் பிசைந்து, மூன்று உருண்டை பிடித்து, இலையோடு கடலுக்குள் இறங்கி, கடலுக்கு முதுகு காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பின்னால் விட வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும்.

"யுகேஷ்தான் செய்வான்," என்றாள் சங்கவி உள்ளே இருந்தபடியே.

விமல்ராஜ் எழுந்து கதவருகில் வந்தான். "அண்ணி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஊர் முன்னாடி திரும்பவும் ஒருவாட்டி வுழுந்தான்னா அவனுக்குத்தான் அசிங்கம். சின்னப் புள்ள."

"உங்கண்ணனுக்கு இருக்கறது ஒரு புள்ள. அவன் கையால ஒரு வாய் சோறு போவலன்னா நாளைக்கு அவன் எப்படி நிமிந்து நடப்பான்? வளந்து பெரியவனாயி, எங்கப்பாவுக்கு நான் எதுவும் செய்யலன்னு நெனச்சிக்கினே இருப்பான் விமலு."

விமல்ராஜ் திரும்பிப் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்தான். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே ஒரு தட்டில் சோறும் எள்ளும் போட்டு யுகேஷ் முன்னால் வைத்தாள். சம்மணம் போடச் சொன்னாள். ஒரு முட்டியை அழுத்தினால் இன்னொன்று மேலே எழும்பியது. இரண்டையும் அழுத்தினால் பின்பக்கமாகச் சாய்ந்தான். சுவரில் சாய்த்து உட்கார வைத்து, பிசையச் சொன்னாள். அவன் நுனி விரலால் சோற்றைத் தொட்டு, பிசுபிசுப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஊட்டி ஊட்டி வளர்ந்த பிள்ளை. சோற்றுக்குள் முழுக்கையை விட்டதே கிடையாது. உருட்டினால் கையிலேயே ஒட்டிக்கொண்டது, இல்லையென்றால் உதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலாட்சி உள்ளே வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள், எள்ளைப் பார்த்தாள்.

"அடிப் பாவி! உசுரோட மனுஷங்க இருக்கற வூட்ல பிண்டம் புடிச்சிப் பழக்கறியா? அடுத்து யாருக்குடி?"

சங்கவிக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. "கொழுக்கட்டக்கா..." என்றாள்.

"கருமாதி நடக்கப்போற வூட்ல கொழுக்கட்டையா! நல்லா இருக்குதுடி உன் கத. என் தம்பி செத்தும் உன் வாயிலருந்து தப்பிக்கலையே!"

யுகேஷ் களுக்கென்று சிரித்துவிட்டான். அப்பா போனதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். அஞ்சலாட்சி அவனை முறைத்தாள். பிறகு அவளுக்கும் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று காட்டிக்கொள்ளாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதன் பிறகு சங்கவி சோற்றை எடுக்கவில்லை. சப்பாத்தி மாவைக் கொடுத்தாள். மாவுக்குத் தோஷம் இல்லை. கொஞ்ச நேரம் பிசைவான். "கை வலிக்குதும்மா," என்று நிறுத்துவான். அவள் கை தானாகவே நீளும். மாவை வாங்கி நாலு அழுத்து அழுத்தி உருட்டி வைத்துவிடுவாள். வைத்த பிறகுதான், யாருடைய கை இப்போது பழகியது என்று உறைக்கும். அவனிடம் கோபப்படுவாள். அவன் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவான். இருவருமே களைத்துப்போவார்கள். நாட்கள் அப்படியே போய்க்கொண்டிருந்தன.

கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம், கேட்காமலேயே அவன் சொன்னான்.

"குடம் வெயிட்டா இல்லம்மா."

"பின்ன?"

"உள்ள தண்ணி ஆடிச்சி. அது ஒரு பக்கம் ஆடுனா நான் ஒரு பக்கம் போறேன். எப்படிப் புடிக்கறதுன்னு தெரியல." பிறகு, "அப்பா பாத்திருப்பாரா?" என்று கேட்டான்.

"இல்லடா. கண்ண மூடித்தான படுத்திருந்தாரு," என்றாள். சொன்ன பிறகுதான், எவ்வளவு கொடுமையான ஆறுதல் அது என்று தெரிந்தது. ஆனால் அவனுக்கு அது போதுமாக இருந்தது.

காலையில் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மணலில் ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சங்கவியின் அண்ணன் வீட்டிலிருந்து வந்த கோடிப் புடவை கஞ்சி வாடையோடு அவள் மேல் விறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் ஓரத்தில் யுகேஷைப் பலகையில் உட்கார வைத்தார்கள். முட்டி எழும்பியது. விமல்ராஜ் பின்னால் உட்கார்ந்து தன் காலை அவனுக்கு முட்டுக் கொடுத்தான். சடங்கு செய்து வைக்க வந்தவர் சோற்றை இலையில் கொட்டி, "பிசைப்பா," என்றார்.

அவன் பிசையவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

அந்தப் பார்வை சங்கவிக்குத் தெரியும். பொத்தான் மாட்டிக்கொண்டால், பாட்டில் மூடி திறக்காவிட்டால் வரும் பார்வை அது. வந்ததும் அவள் கை போய்விடும். இப்போதும் போனது. மடியிலிருந்த விரல்கள் சோற்றைப் பிசைவது போல் அவளை அறியாமல் அசைந்தன. எழுந்துவிடுவோம் என்று தோன்றியது. நான்கு எட்டு வைத்தால் போதும். அவன் கை மேல் தன் கையை வைத்தால் நொடியில் முடிந்துவிடும். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"பையா, நேரம் ஆவுது," என்றார் சடங்கு செய்பவர். "தம்பி, நீ வேணா உக்காரு," என்று விமல்ராஜிடம் சொன்னார்.

யுகேஷ் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கவி உட்கார்ந்தபடியே மணலில் நகர்ந்து திரும்பினாள். கடலுக்கும் பையனுக்கும் முதுகைக் காட்டி, படகின் பக்கப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது?" அஞ்சலாட்சி காதருகே சீறினாள். "புருஷன் கருமாதிக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்தா ஊரு இன்னாடி பேசும்?"

"பேசட்டும் அக்கா."

"திரும்புடி."

"நான் பாத்தா அவன் செய்ய மாட்டான்."

அஞ்சலாட்சி அவள் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கையை எடுத்துவிட்டாள்.

படகுப் பலகையில் நீலப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. சங்கவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அலை சத்தம். மந்திரம் சொல்கிற சத்தம். "அம்மா," என்று ஒரு தடவை கூப்பிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டாள். "அம்மா!" என்றான், கோபமாக. பிறகு கூப்பிடவில்லை. நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. "அது உதிருது, நல்லா அமுக்கு," என்று விமல்ராஜின் குரல். "நீங்க சும்மா இருங்க சித்தப்பா," என்று யுகேஷின் குரல். வெயில் முதுகில் ஏறியது. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ வாட்சைப் பார்த்திருப்பார்கள். பந்திக்கு நேரமாகிறது என்று ஒரு முணுமுணுப்பு. பிறகு எல்லோரும் எழுந்திருக்கும் சரசரப்பு, தண்ணீரில் கால்கள் இறங்கும் சளப் சளப். "ஐயோ!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரே குரல் எழுந்தது. விழுந்துவிட்டான். எழுந்து ஓடாமலிருக்க மணலில் இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் புதைத்துக்கொண்டாள்.

"தூக்காத விமலு, தூக்காத!" இது அஞ்சலாட்சியின் குரல். சங்கவி அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள். "அவனே எழுவான், வுடு!"

அலை ஒன்று வந்து போனது. இன்னொன்று வந்தது.

"முடிஞ்சிச்சி அண்ணி," என்று விமல்ராஜ் வந்து நின்றபோதுதான் அவள் திரும்பினாள். அவன் மார்பு வரை நனைந்திருந்தது.

"யார் வுட்டது?"

"அவன்தான். இலையக் கட்டிப் புடிச்சிக்கினேதான் வுழுந்தான், வுடல. எழுந்து நின்னான், தலைக்கு மேல கை ஏறல அவனுக்கு. தோளோட சேத்துப் பின்னால தள்ளிவுட்டான். போயிடிச்சி."

"எப்படி இருந்திச்சி உருண்ட?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு கொட்டப்பாக்கு மாதிரி. இன்னொண்ணு..." விமல்ராஜ் சிரித்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அது உருண்டையே இல்ல அண்ணி. எங்க அண்ணன் பாத்தா கிண்டல் பண்ணியிருக்கும்."

சங்கவி கடலைப் பார்த்தாள். இலை தெரியவில்லை. புருஷனுக்குப் போன கடைசிச் சோற்றை அவள் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

யுகேஷ் மணலில் காலை இழுத்து இழுத்து வந்தான். முட்டி சிராய்த்திருந்தது. காதிலும் கன்னத்திலும் மணல். அவளைத் தாண்டிப் போனவன் நின்றான்.

"ஏன் திரும்பிக்கின?"

சங்கவி முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"நான் கூப்புட்டேன் இல்ல?"

"கேட்டுதுடா."

"கேட்டும் நீ திரும்பல."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். படகின் அந்தப் பக்கமாகப் போய் நிழலில் உட்கார்ந்தான். இடுப்பில் நனைந்து இறுகிப்போன வேட்டி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். நகத்தால் நெம்பினான், பல்லால் இழுக்கக் குனிந்தான், எட்டவில்லை. மறுபடியும் விரலால் நெம்பினான். மாற்றுத் துணி அவள் மடியில்தான் இருந்தது. நாளை கழித்துப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், கம்பெனிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், வந்தவர்களுக்குப் பந்தி போட வேண்டும். அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. அவனுக்காகத்தான் போகாமல் இருந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவ்வளவு அசதியாக இருந்தது.