பின்வாசல் காவல்

அப்பாவின் கையிலிருந்து கைத்தடியைப் பிடுங்க அண்ணன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பல நாளாகச் சோறு இறங்காத உடம்பு, எலும்பும் தோலும்தான். பிடி மட்டும் உடும்புப்பிடி. கட்டிலில் கிடத்தினால் இறங்கித் தவழ்ந்தே பின்வாசலுக்கு வந்துவிடுகிறார் மனுஷன். வேறு வழியில்லாமல் அங்கேயே நாற்காலி போட்டு, தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள்.

"விடுங்கண்ணே. அவர்கிட்ட மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான்" என்றாள் தங்கை, தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

"நீ சும்மா இரு. கம்பவுண்டர் என்ன சொன்னார்? காலையிலயே முடிஞ்சிருக்கணுமாம். எதுல இழுத்துக்கிட்டிருக்குன்னு அவருக்கே புரியலையாம். படுக்கவச்சா நிம்மதியாவாவது போவார்."

எதில் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பயந்தாள். அப்பா போய்விடுவாரே என்றல்ல, போக முடியாமல் இப்படியே தவிப்பாரே என்று.

தெருவுக்கு அவர் சிப்பாய். வெள்ளைக்காரன் தன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது, சாப்பாடு நிச்சயம் என்று போய்ச் சேர்ந்தவர். யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை, ஒரு மண்ணும் தெரியாது. அங்கே கற்றதில் ஒன்றே ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாத்து வராமல் காவலை விட்டு நகரக் கூடாது. மாத்து என்றால் அடுத்த காவலுக்கு வருகிற ஆள். அவன் வந்து "மாத்து வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நிற்கிறவன் கண்ணில் பட்டதையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். அப்புறம்தான் காலை எடுக்கலாம்.

வீட்டில் பால் காய்ச்சுவதற்கும் இதே சட்டம். "மாத்து வந்திருக்கேன், நகருடி" என்று அம்மா அடுப்படிக்குள் வந்தால், "பால் இன்னும் பொங்கலை, பூனை ஜன்னல்ல இருக்கு" என்று ஒப்பித்துவிட்டுத்தான் இவள் விளையாட ஓடுவாள். ஒரு தடவை கொடியில் காயும் துணிக்கு இவளைக் காவல் வைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோனார்கள். மழை கொட்டித் தீர்த்தது. வேறு எந்தப் பிள்ளையும் துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கும். இவள் நகரவில்லை. மாத்துதான் வரவில்லையே. தொப்பலாக நனைந்து நின்றவளைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார்.

அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு பாலத்தில் அவரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். மாத்துக்கு வர வேண்டியவன் அவருடைய கூட்டாளி நெட்டை. அதற்குள் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. துரைமார் லாரி ஏறிப் போய்விட்டார்கள். பாலத்தில் ஒருத்தன் நிற்கிறானே என்று எவனுக்கும் ஞாபகம் இல்லை. நெட்டை மட்டும் லாரியிலிருந்து குதித்துத் திரும்பி ஓடினானாம். வழியிலேயே குண்டு விழுந்து செத்துப்போனான். இதெல்லாம் பிற்பாடு மற்றவர்கள் சொல்லி அப்பாவுக்குத் தெரிந்தது.

"ஆனா பூட்ஸ் சத்தம் கேட்டுச்சும்மா. நெட்டையோட நடை எனக்குத் தெரியாதா? வந்துக்கிட்டே இருந்தான். வந்து சேரவே இல்லை."

கடைசியில் எதிரிப்படைதான் வந்தது. கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. ஆக, அந்தக் காவலிலிருந்து அவரை முறையாக யாரும் விடுவிக்கவே இல்லை. சண்டை முடிந்து வந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டி பெற்று, தினமும் பொழுது சாயும்போது பின்வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் கடைசியாக அப்பாவின் காதருகே குனிந்தார். "சண்டை முடிஞ்சுபோச்சுப்பா. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு."

"உன்னை யார் கேட்டா?" என்றார் அப்பா.

மின்சார ஆபீசில் மீட்டர் பார்க்கிறவர் அண்ணன். முள் காட்டாததை நம்புகிற ஆளில்லை. "என்னமோ பண்ணுங்க, அப்பாவும் பொண்ணும்" என்று முன்னறைக்குப் போய்விட்டார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். வாசற்படியில் இறங்கி, கொல்லைக்கு முதுகைக் காட்டி, அப்பாவுக்கு நேராக விறைப்பாக நின்றாள். "மாத்து வந்திருக்கேன்" என்றாள்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாளும் யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்த கண்ணில் ஆள் தெரிந்தது. "நீ எம் பொண்ணுல்ல?"

"ஆமாம்ப்பா."

"பொய் சொல்லக் கூடாதும்மா. உன்னை இங்க நிறுத்திட்டு நான் போவேனா? நீ மழையிலயும் நிப்பே."

அவளுக்குத் தன்னை அடையாளம் கண்டுகொண்டாரே என்று சந்தோஷம். இவரை அனுப்பிவைக்கத் தன்னாலும் முடியவில்லையே என்று வேதனை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"கேக்குதா?" என்றார் அப்பா.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. முதுகுக்குப் பின்னால், கொல்லையில், கனமான பூட்ஸ் நடை. அவசரமில்லாத, நீள நீளமான எட்டு. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கொல்லையைச் சுற்றிலும் சுவர். சுவரில் வாசல் கிடையாது. நடை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

அப்பாவின் பார்வை அவள் முகத்தை விட்டு மேலே ஏறியது. தலைக்கு மேலே, இன்னும் மேலே போய் நின்றது.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றார். குரலில் கோபமே இல்லை. "எதிர்ல ஆள் நடமாட்டம் இல்லை. தண்ணி கூடியிருக்கு. இந்தப் பொண்ணு நம்ம ஆளு, உள்ள விடு."

கைத்தடியை அவள் தோளுக்கு மேலாக நீட்டினார். விரல்கள் விட்டன. தடி கீழே விழுகிற சத்தம் கேட்கவில்லை. அப்பாவின் கை மட்டும் மடியில் வந்து விழுந்தது. அவ்வளவுதான், போய்விட்டார். அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் ஓடிவந்தார்.

மறுநாள் காலையில் அப்பாவைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தமெல்லாம் கலைந்துவிட்டது. வாடகை நாற்காலிகள் கொல்லையில் கிடந்தன. அண்ணன் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவந்தார். அகலமான வாசல், கட்டிலையே நேராகக் கொண்டுபோகலாம். அவரோ நாற்காலியை நெஞ்சோடு அணைத்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் திரும்பி, ஓரமாக ஒண்டி ஒண்டி வந்தார்.

"எதுக்குண்ணே இப்படி ஒதுங்கி வர்றீங்க?"

"எப்படி?" என்றார் அண்ணன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

பாவம், அந்த நெட்டைக்கு மாத்து யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவை நினைத்து அழாத அழுகை அப்போதுதான் வந்தது.

அண்ணன் அடுத்த நாற்காலியோடு வந்தார். வாசலில் நின்று, அண்ணாந்தும் பார்க்காமல், பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரிடம் சொல்வதுபோல முணுமுணுத்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க சார்."